கசக்காமல் தைத்த ஒட்டுப்போர்வை: ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய சட்டைகளையும் வீட்டில் கிடந்த மற்றத் துணிகளையும் கொண்டு, புதிதாக ஒரு பொருளும் வாங்குவதில்லை என்ற உறுதியோடு, ஆறு வாரங்கள் மாலை நேரங்களில் உட்கார்ந்து நான் தைத்த ஒட்டுப்போர்வை, முதல் சலவையிலேயே பயன்படுத்த முடியாத நிலைக்கு வந்தது. அதைத் தூக்கி எறிய மனமில்லாமல் மேசையில் விரித்து, எந்தத் தையல் எதனால் விட்டது, எந்தக் கட்டம் எதனால் கோணியது என்று ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தேன். அந்தக் குறிப்புகளே இந்த ஆய்வுக்கு அடிப்படை. தையலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் முடித்த பொருளின் அழகைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கெட்டுப்போனவற்றைப் பெட்டிக்கு அடியில் தள்ளிவிடுகிறோம். இந்தப் போர்வை விரித்து ஆராயப்பட்டதற்குக் காரணம், அதில் கிழிந்த இடங்கள் தாறுமாறாக இல்லாமல் ஓர் ஒழுங்கோடு கிழிந்திருந்ததுதான்.

பெட்டியில் இருந்தவை

நீண்ட நாள்களாகச் சேர்த்துவைத்த பெட்டியில், பெரியவர் அணிந்து கழித்த பருத்திச் சட்டைகள் ஒன்பது, முரட்டு ஜீன்ஸ் கால்சட்டைகள் இரண்டு, சிவப்பு மேசைவிரிப்பு ஒன்று, ஒருமுறைகூட விரிக்கப்படாத காடாத் துணிப் (வெளுக்காத பருத்தித் துணி) படுக்கைவிரிப்பு ஒன்று, ஓரம் நைந்த மெல்லிய பாலியஸ்டர் கம்பளம் ஒன்று ஆகியவை இருந்தன. மேலே சட்டைத் துணிகளும் மற்றவையும், நடுவில் பஞ்சுக்குப் பதிலாகக் கம்பளம், அடியில் காடா என்று மூன்று அடுக்காகத் திட்டமிட்டேன். நூல்கூட வாங்கவில்லை, பழைய தகர டப்பாவில் பல ஆண்டுகளாகக் கிடந்த பருத்தி நூல்கண்டுகளையே எடுத்துக்கொண்டேன்.

மேல் அடுக்குக்கு 12 கட்டம் அகலம், 15 கட்டம் நீளம், ஆக 180 சதுரங்கள். ஒவ்வொன்றையும் 13.2 செ.மீ. அளவில் வெட்டி, நான்கு புறமும் தையலுக்காக 6 மி.மீ. விட்டால், தைத்தபின் 12 செ.மீ. கட்டம் கிடைக்கும், போர்வை 144 செ.மீ. அகலமும் 180 செ.மீ. நீளமும் வரும். கணக்கு சரியானது. சதுரங்களை எங்கிருந்து வெட்டினேன் என்பதில்தான் கோளாறு. 122 சதுரங்கள் சட்டைகளின் உடற்பகுதியிலிருந்தும், 26 சதுரங்கள் கைகளிலிருந்தும், 20 ஜீன்ஸிலிருந்தும், 12 சிவப்பு விரிப்பிலிருந்தும் வந்தன.

வெட்டும் பொழுது நான் பின்பற்றிய விதி ஒன்று உண்டு: சின்னத் துண்டை முதலில் தீர்க்க வேண்டும், பெரிய துணியில் கத்தரிக்கோலை வைக்கக் கூடாது. சட்டையின் முதுகுப் பகுதி அகலமாக, வெட்டுப்படாமல் இருந்தால் அதைப் பின்னால் வேறு ஏதாவது பெரிய வேலைக்கு ஆகுமென்று மடித்து வைத்துவிட்டு, கையின் சரிந்த ஓரத்தில் எப்படியாவது ஒரு சதுரம் தேறுமா என்று சதுர அளவு அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். தைப்பவர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் இருக்கும் என்றே நினைக்கிறேன். அந்த நேரத்தில் அது எனக்குச் சிக்கனமாகவே தெரிந்தது.

தைத்த முறை

தையல் இயந்திரத்தில் ஊசிக்கு வலப்புறம் 6 மி.மீ. தள்ளி, ஊசித்தட்டின் மேல் ஓர் ஒட்டுநாடாவை ஒட்டி, துணியின் ஓரம் அந்த நாடாவை உரசியபடி செல்லுமாறு முதல் ஏழு வரிசைகளைத் தைத்தேன். எட்டாவது வரிசைக்கு முன் நாடா பிய்ந்துவிட்டது. மறுபடி ஒட்டச் சோம்பல்பட்டு, இயந்திரத்தில் துணியை அழுத்தும் பாதத்தின் ஓரத்தையே அளவாகக் கொண்டு மீதி எட்டு வரிசைகளையும் முடித்தேன். பாதத்தின் ஓரம் ஊசியிலிருந்து 7 மி.மீ. தூரத்தில் இருந்தது. ஒரு மி.மீ. என்ன செய்துவிடும் என்று தோன்றியது. ஆனால் ஒவ்வொரு தையலும் இருபுறத் துணியிலும் ஒரு மி.மீ. கூடுதலாக விழுங்கும், ஒரு வரிசையில் 11 தையல்கள், ஆக 22 மி.மீ. அகலம் குறையும். 144 செ.மீ. வரிசையோடு 141.8 செ.மீ. வரிசையைச் சேர்த்துத் தைக்கும்பொழுது, குட்டையானதை இழுத்து இழுத்துப் பொருத்தினேன். இஸ்திரிப் பெட்டி மேலே ஓடியதும் எல்லாம் சமமாகத் தெரிந்தது.

தையல் உறுதியாக இருக்கட்டும் என்று நீளத்தை 1.5 மி.மீ. ஆக வைத்தேன். ஊசி எல்லாத் துணிக்கும் ஒன்றே: 100/16. ஜீன்ஸுக்குத் தேவையானது என்று மாட்டியதைச் சட்டைத் துணிக்கு மாற்றாமல் விட்டேன். ஊசி எண்ணில் முதலில் வருவது ஊசித் தண்டின் தடிமன். 100 என்றால் 1 மி.மீ., 80 என்றால் 0.8 மி.மீ. நைந்த சட்டைத் துணியில் ஒன்றரை மி.மீ.க்கு ஒரு துளை, அதுவும் ஒரு மி.மீ. தடிமனுள்ள ஊசியால் விழும் துளை என்றால், துளைக்கும் துளைக்கும் இடையே மிஞ்சும் துணி எவ்வளவு என்று அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இறுதியாக மூன்று அடுக்குகளையும் விரித்து, ஊக்குகள் குத்தி, கட்டங்களின் தையல் கோடுகள் மீதே நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இயந்திரத் தையல் ஓட்டி, சுற்றிலும் பட்டை பிடித்தேன். முடிந்த அன்று அது உண்மையில் நன்றாகவே இருந்தது.

சலவைக்குப் பின்

வெதுவெதுப்பான நீரில் சோப்புத் தூளிட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து எடுத்தபொழுது நீர் இளஞ்சிவப்பாக இருந்தது. விரிப்பின் சாயம் பக்கத்துக் கட்டங்களில் இறங்கியிருந்தது. ஈரமாக இருக்கும்பொழுதே இதைக் கவனித்தது நல்வாய்ப்பு. காயவிட்டு இஸ்திரியின் சூடும் ஏறியிருந்தால் கறை இறுகிப்போயிருக்கும். பெரிய தொட்டி நிறைய நீர் மாற்றி மாற்றி நான்கு முறை அலசியதில் பெரும்பாலும் வெளியேறிவிட்டது. மூன்று கட்டங்களில் மட்டும் மெல்லிய நிழல் தங்கியது. சாயப் பிரச்சினையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நனைத்த வெள்ளைத் துணித் துண்டை அந்த விரிப்பின் மேல் வைத்து இஸ்திரியால் அழுத்தியிருந்தால், வெட்டுவதற்கு முன்பே ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

காய்ந்த பின்தான் மற்றவை தெரிந்தன. மேல்பரப்பு முழுவதும் கட்டத்துக்குக் கட்டம் உப்பி நின்றது. ஒரு பக்க ஓரம் அலை அலையாக நெளிந்தது. 31 இடங்களில் தையல் வாய் திறந்திருந்தது.

இரண்டு வகைத் திறப்பு

முதல் பார்வைக்கு அந்த 31 இடங்களும் ஒன்றுபோலவே இருந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபொழுது இரண்டு வகையாகப் பிரிந்தன. 12 இடங்களில் துணி முழுதாக இருந்தது. ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. நூல் மட்டும் அறுந்திருந்தது. மீதி 19 இடங்களில் நூல் முழுதாக இருந்தது. துளை வரிசையை ஒட்டித் துணி கிழிந்திருந்தது, தபால்தலையை அதன் துளைகள் வழியே பிரித்ததைப்போல.

இந்த வேறுபாடு முக்கியமானது. நூல் அறுந்தால் அது அரை மணி நேர வேலை. அதே துளைகளின் அருகிலேயே மறுபடி தைத்துவிடலாம். துணி கிழிந்தால் கட்டத்தையே மாற்ற வேண்டும். ஆகவே தையலில் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது நூலே. உறுதி வேண்டுமென்று நூலைத் தடிக்கச் செய்வதும் தையலை நெருக்குவதும் பல நேரங்களில் பழுதை நூலிலிருந்து துணிக்கு மாற்றிவிடுகின்றன.

அறுந்த 12 இடங்களுக்கும் காரணம் எளிது. டப்பாவில் கிடந்த நூல்கண்டுகளில் ஒன்று இற்றுப்போயிருந்தது. இரு கைகளிலும் ஒரு முழ நூலைப் பிடித்துச் சட்டென்று இழுத்தால் நல்ல நூல் விரலை அறுக்கும் அளவுக்கு எதிர்க்கும், பிறகு ஒரு சிறு ஓசையோடு அறும். இற்ற நூல் ஓசையே இல்லாமல் பிரிந்து வரும். பருத்தி நூலை வெளிச்சமும் ஈரமும் சூடும் மெல்ல மெல்லக் கெடுக்கின்றன. கண்டின் வெளிச்சுற்று கெட்டிருந்தாலும் உள்சுற்று நன்றாக இருக்கக்கூடும் என்பதால், சோதிப்பவர்கள் சில மீட்டர் உருவிவிட்டு மறுமுறை சோதிப்பது நல்லது. என் கண்டு உள்ளேயும் இற்றிருந்தது.

கிழிந்த 19 இடங்களைப் போர்வையின் வரைபடத்தில் குறித்தபொழுதுதான் ஆச்சரியம். அவற்றில் 14 இடங்கள் ஜீன்ஸ் கட்டங்களை ஒட்டியே இருந்தன. ஜீன்ஸ் கட்டம் நீரை உறிஞ்சிக் கனத்து, தொங்கும்பொழுது பக்கத்துச் சட்டைத் துணியின் துளை வரிசையில்தான் அந்தக் கனம் முழுவதும் விழுகிறது. வலியது எளியதைக் கிழிக்கிறது. கனமான துணியும் மெல்லிய துணியும் ஒரே போர்வையில் இருக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஜீன்ஸை மட்டுமே கொண்டு தைத்த போர்வை நீண்ட நாள் உழைக்கும். சட்டைத் துணியை மட்டுமே கொண்டதும் உழைக்கும். கலந்தால் மெல்லியதன் ஆயுள்தான் இரண்டுக்கும் ஆயுள்.

மீதி ஐந்தும் சட்டையின் மேல்முதுகிலிருந்து வெட்டிய சதுரங்கள். அணிந்த சட்டை எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்வதில்லை. கழுத்துப்பட்டியின் மடிப்பு, தோள், மேல்முதுகு, முழங்கை, அக்குள் ஆகியவை முதலில் நையும். கால்சட்டைக்குள் செருகப்படும் அடிப்பகுதியும், பையால் மூடப்பட்ட மார்புப் பகுதியும் கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கும். பையைப் பிரித்தால் அடியில் சட்டையின் பழைய நிறம் அப்படியே தெரிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நைந்த இடம் தெள்ளத் தெளிவாகத் தெரியும். இதையும் நான் வெட்டிய பிறகே செய்தேன்.

உப்பலும் நெளிவும்

மேல்பரப்பு உப்பியதற்கு என் தையலைத்தான் முதலில் சந்தேகித்தேன். நூல் இறுக்கம் கூடியிருக்குமோ, ஊக்குகள் நகர்ந்திருக்குமோ என்று பலவாறு எண்ணினேன். அடுக்குகளைப் பிரித்துத் தனித்தனியே அளந்தபொழுது விடை கிடைத்தது. 180 செ.மீ. நீளம் இருந்த காடா 172.8 செ.மீ. ஆகியிருந்தது, அதாவது 4 விழுக்காடு சுருங்கியிருந்தது. அகலத்தில் சுருக்கம் ஏறத்தாழ 1 விழுக்காடுதான். மேல் அடுக்கும் கம்பளமும் அளவு மாறவில்லை.

நெய்யும்பொழுதும் பிறகு பதப்படுத்தும்பொழுதும் பருத்தி இழைகள் நீளவாக்கில் இழுபட்ட நிலையிலேயே இருக்கின்றன. முதல் நனைப்பில் அந்த இழுவை தளர்ந்து, இழைகள் தம் இயல்பான நிலைக்குத் திரும்புகின்றன. அதனால்தான் பாவு (நீளவாக்கு இழைகள்) ஓடும் திசையில் சுருக்கம் அதிகம். பலமுறை துவைத்த சட்டைகள் இந்தச் சுருக்கத்தை என்றோ முடித்துவிட்டன. பாலியஸ்டர் நீரில் சுருங்காது. மூன்றில் ஒன்று மட்டும் சுருங்க, மற்ற இரண்டும் அதோடு கட்டுண்டு கிடந்ததால், 7.2 செ.மீ. மிகைத் துணி 15 கட்டங்களில் பங்கிடப்பட்டு, கட்டத்துக்கு அரை செ.மீ. என உப்பியது.

“கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்பதைச் சுத்தத்துக்கான அறிவுரையாகவே நாம் படித்திருக்கிறோம். ஒட்டுப்போர்வை தைப்பவருக்கு அது தொழில்நுட்ப விதியாகவும் பொருந்துகிறது. ஆனால் இங்கே கசக்க வேண்டியிருந்தது கந்தையை அல்ல, பெட்டியிலேயே புத்தம்புதிதாக இருந்த ஒரே துணியை. பழையவற்றின் மேல்தான் எனக்கு ஐயம் இருந்தது, புதியதை நம்பினேன்.

ஓரம் நெளிந்ததற்குக் கைச் சதுரங்களே காரணம். துணி பாவின் திசையில் மிகக் குறைவாகவும், ஊடையின் (குறுக்கு இழைகளின்) திசையில் சற்றுக் கூடுதலாகவும், இரண்டுக்கும் இடையே சாய்வாக இழுத்தால் மிக அதிகமாகவும் இழுபடும். சாய்வாக வெட்டிய துணியைத் தையற்காரர்கள் கிராஸ் துணி என்பார்கள். கழுத்தைச் சுற்றிப் பட்டை பிடிக்க அது அருமையானது, சதுரத்துக்கு ஆகாது. கையில் இடம் போதாமல் அட்டையைத் திருப்பி வைத்து வெட்டிய 26 சதுரங்களில் கோடுபோட்ட துணிகளைப் பார்த்தாலே கோடுகள் சாய்ந்திருப்பது தெரிந்தது. போதாக்குறைக்கு, குட்டையான வரிசைகளைப் பொருத்த நான் இழுத்தபொழுது இழுபட்டவையும் இவையே. நாடாவை மறுபடி ஒட்டாத சோம்பலின் விளைவும் இந்த இடத்தில்தான் வந்து சேர்ந்தது.

எண்ணிப் பார்க்காத கணக்கு

பழுதுகள் எல்லாவற்றையும் குறித்த பிறகு, மடித்து வைத்திருந்த சட்டை முதுகுகளை எடுத்து அட்டையை வைத்து எண்ணினேன். பெரியவர் சட்டையின் முதுகு ஏறத்தாழ 50 செ.மீ. அகலம், 70 செ.மீ. நீளம், அதில் மூன்று வரிசை ஐந்தாக 15 சதுரங்கள் தேறும். நைந்த மேல்வரிசை மூன்றைக் கழித்தால் 12. முன்புறம் இரண்டிலும் பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து. ஆக ஒரு சட்டைக்கு 22. ஒன்பது சட்டைக்கு 198. எனக்குத் தேவை 180.

ஜீன்ஸும் சிவப்பு விரிப்பும் கைகளும் மேல்முதுகும் அறவே வேண்டியிருக்கவில்லை. மேல் அடுக்கைக் கெடுத்த ஒவ்வொரு துணியும், நல்ல துணியை வெட்ட மனம் வராததால் உள்ளே வந்தது. என்றோ ஒரு நாள் வரப்போகும் பெரிய வேலைக்காக முதுகுகளைக் காப்பாற்றினேன். ஆறு வாரமாக மேசைமேல் கிடந்த பெரிய வேலை கண்ணில் படவில்லை. இதைச் சிக்கனம் என்று இனி நான் சொல்வதில்லை. கஞ்சத்தனம் என்ற சொல்தான் பொருந்துகிறது, கொஞ்சம் கடுமையாக இருந்தாலும்.

பிரித்தல்

பழுது பார்க்க ஒன்பது வாரங்கள் ஆயின. தைத்ததைவிட மூன்று வாரம் அதிகம். இவற்றில் பெரும்பகுதி பிரிப்பதிலேயே போனது. இயந்திரத் தையலில் மேல்நூலும், அடியிலுள்ள சிறு உருளையிலிருந்து வரும் பாபின் நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. 1846-இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற இயந்திரம் இட்டதும் இத்தகைய பூட்டுத் தையல்தான். மூட்டை வாய் தைக்கும் சங்கிலித் தையலைப்போல ஒரு முனையை இழுத்தால் முழுதும் உருவிக்கொண்டு வராது. அது அதன் பலம். பிரிப்பவருக்கு அதுவே தொல்லை. ஒரு பக்கத்தில் நான்கு ஐந்து தையலுக்கு ஒன்றாக நூலை வெட்டிவிட்டு, மறுபக்கத்து நூலை இழுத்தால் முழு நீளமாக வெளிவரும் என்று கண்டுகொண்டபின் வேலை சீரானது. துணியையும் அது காயப்படுத்துவதில்லை. இற்றுப்போன நூல் இந்த வேலையில் மட்டும் பெரிதும் ஒத்துழைத்தது.

இந்த ஒன்பது வாரங்கள்தான் எனக்கு முதல் ஆறைவிட இன்பமாகக் கழிந்தன என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். தைக்கும்பொழுது முடிக்கும் அவசரம் இருந்தது. பிரிக்கும்பொழுது அது இல்லை. ஒவ்வொரு கட்டமும் கையில் வந்து, தான் எந்தச் சட்டையின் எந்த இடம் என்பதைக் காட்டிவிட்டுப் போனது. நேரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பவருக்கு இது நட்டமாகத் தோன்றலாம். பொழுதுபோக்கில் பொழுதுதானே போக வேண்டியது.

ஜீன்ஸ் 20, சிவப்பு 12, கைச் சதுரங்கள் 26, மேல்முதுகிலிருந்து வந்தவை 9, ஆக 67 சதுரங்களை நீக்கினேன். மேல்முதுகுச் சதுரங்களில் கிழிந்தவை ஐந்துதான் என்றாலும் மீதி நான்கையும் நம்பவில்லை. ஜீன்ஸை ஒட்டிக் கிழிந்த 14 தையல்களில், சட்டைச் சதுரங்களின் ஓரம் மட்டுமே பிய்ந்திருந்ததால், உட்புறம் மெல்லிய துணிப் பட்டை வைத்துத் தாங்கல் கொடுத்துத் தைத்தேன். புதிய சதுரங்கள் எல்லாம் முதுகின் அடிப்பகுதியிலிருந்தும் முன்புறத்திலிருந்தும் பாவின் திசை பார்த்து வெட்டப்பட்டன. ஊசி 80/12, தையல் நீளம் 2.5 மி.மீ., நாடா ஊசித்தட்டில் இரட்டையாக ஒட்டப்பட்டது. நூல் மட்டும் புதிதாக வாங்கினேன். ஒன்றும் வாங்குவதில்லை என்ற உறுதி அங்கே முடிந்தது.

காடாவை இரண்டு முறை வெந்நீரில் நனைத்துக் காயவைத்து அளந்தபொழுது, இரண்டாம் முறை அளவு மாறவில்லை. நீளம் போதாததால் சட்டைத் துணியில் ஒரு பட்டையை அதன் ஒரு முனையில் இணைத்தேன். அடுக்குகளை இணைக்க இயந்திரத்தைப் பயன்படுத்தாமல், நான்கு கட்டங்கள் சந்திக்கும் ஒவ்வொரு மூலையிலும் தடித்த நூலால் கையால் குத்தி இரட்டை முடிச்சு இட்டேன். 11-க்கு 14 என 154 முடிச்சுகள். கோடு முழுவதும் தைத்த போர்வையில் அடுக்குகள் ஒன்றோடொன்று இறுகிக் கிடக்கும். முடிச்சிட்டதில் அவை சற்றே அசைந்துகொடுக்க இடமிருக்கும் என்பதால், சிறு அளவு வேறுபாடுகள் மேலே உப்பலாகத் தெரிவதில்லை.

சட்டைகளின் பொத்தான் பட்டிகளைத் தூக்கி எறியவில்லை. பொத்தானும் காஜாவும் இருந்தபடியே முன்புறத்து மீதித் துணியோடு வெட்டினால், தலையணை உறைக்குத் தைத்துவைத்த வாயே கிடைத்துவிடுகிறது. அப்படி இரண்டு உறைகள் ஆயின. நீக்கிய ஜீன்ஸ் சதுரங்கள் அடுப்படியில் சூடு பிடிக்கும் துணிகளாயின. சிவப்பு விரிப்பு, சாயம் முற்றிலும் நிற்கும்வரை, ஒவ்வொரு வாரமும் தனி வாளியில் ஊறுகிறது.

போர்வை மூன்று முறை துவைக்கப்பட்டிருக்கிறது. நீளம் 180-இலிருந்து 179.4 செ.மீ. ஆகியிருக்கிறது, தையல் எதுவும் விடவில்லை. எட்டாவது வரிசையிலிருந்து கீழே உள்ளவை இன்னமும் 22 மி.மீ. குட்டையானவையே, அவற்றைத் திருத்துவதென்றால் முழுவதையும் பிரிக்க வேண்டும் என்பதால், ஏழுக்கும் எட்டுக்கும் இடையே இரண்டு ஓரத்திலும் ஒரு சிறு படியாக விட்டுவிட்டு, அந்த முனையைக் கால்மாட்டில் வருமாறு விரிக்கிறோம்.